உழைப்பும் படமும்
(எர்ணாவூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்த விஷயம் போட்டோப் படம். சோற்றுக்கே அல்லாடும் தொழிலாளிக்குப் படத்தினால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கலியாண வீட்டில் மாலையும் கழுத்துமாக நிற்கவைத்து எடுக்கும் படத்தைப் பற்றி நாம் பேச வரவில்லை. நாற்று நடுகிறவர்களையும், கல் சுமக்கிறவர்களையும் வேலை செய்யும் நிலையிலேயே பிடித்த கருப்பு வெள்ளைப் படங்களைப் பற்றியே பேசுகிறோம்.

தோழர் பி. சாய்நாத் என்னும் பத்திரிகையாளர் 1993 முதல் 2002 வரையில் பத்து மாநிலங்களில் கிராமப் பெண்களின் உழைப்பைக் கருப்பு வெள்ளையில் படம் பிடித்தார். வேலை கண்ணுக்குத் தெரிகிறது, செய்யும் பெண் கண்ணுக்குத் தெரிவதில்லை என்ற பொருளில் அக்கண்காட்சிக்குப் பெயர் வைத்தார். ரயிலடியிலும், பஸ் நிலையத்திலும், தொழிற்சாலை வாசலிலும் அது காட்டப்பட்டது. ஏழு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அதில் ஒரு படத்தை மாத்திரம் சொல்லுகிறோம். ஒரு வயல். நிலத்துக்குச் சொந்தக்காரர் படத்துக்காக நிமிர்ந்து நிற்கிறார். கூலிப் பெண்களோ குனிந்த தலை நிமிரவில்லை. நாளொன்றுக்கு 40 ரூபாய் கொடுப்பதாக அவர் பெருமையாகச் சொன்னார். பெண்களைக் கேட்டால் 25 ரூபாய்தான் என்றார்கள். தோழர்களே! நிமிர்ந்த முதுகு யாருடையது, குனிந்த முதுகு யாருடையது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமா? வண்ணப் படமாயிருந்தால் சேலையின் நிறத்தையும் பயிரின் பச்சையையும் மெச்சிவிட்டுப் போய்விடுவோம். நிறத்தை எடுத்துவிட்டால் முதுகுதான் மிஞ்சுகிறது.

சாட்சியினால் என்ன ஆகும் என்பீர்களானால், அமெரிக்காவைப் பாருங்கள். லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படம் பிடித்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்கிறவராகக்கூட வேஷம் போட்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். வயதையும் வேலையையும் படத்தோடு எழுதி வைத்தார். 1938இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்நாடு முழுமைக்கும் வந்தது. படம் மாத்திரமே சட்டம் செய்துவிடவில்லை. ஆனால் "அப்படியொன்றும் நடக்கவில்லை" என்று சாதிப்பவர்கள் வாயை அது அடைத்தது.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். இதோ பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் தண்ணீரில் மூழ்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்ளுகிறார்கள். மீன் விற்ற தாயின் மகனான தோழர் எம். பழனி குமார் இதைப் படம் பிடித்து வெளியிட்டிருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது மீனவர்கள் அதை வாளியிலும் குவளையிலும் அள்ளியதையும் படங்களால்தான் உலகம் அறிந்தது. சென்னைக் கடற்கரையில் 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. பாறையை நெம்பும் நால்வரும் ஆண்களே. கூடையைக் கடித்த பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

அவள் கஷ்டத்தைத் தலையெழுத்து என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் படத்தில் தலையெழுத்து தெரியாது. தெரிவதெல்லாம் காயம்பட்ட விரலும், ஊறிப்போன தோலும்தான். முன்ஜன்மத்துக்குச் சாட்சி கிடையாது. இந்த ஜன்மத்துக் கூலிக்குச் சாட்சி உண்டு.

அதற்காகப் படத்துக்கு மாலை போட்டு, வியர்வையை முத்தென்று புகழ வேண்டாம். அப்படிச் செய்தால் சாமி படங்களோடு அதுவும் ஒன்றாகிவிடும். எத்தனை மணி நேர வேலை? என்ன கூலி? இந்த வேலைக்கு இந்த ஜாதியாரே ஏன் வருகிறார்கள்? கை செய்வதைச் செய்ய யந்திரம் ஏன் வரவில்லை? இவற்றைக் கேட்கத்தான் படம்.

வாலிபர்களே! இன்று உங்கள் கையிலேயே செல்போன் இருக்கிறது. சினிமாக்காரரோடு நின்று படம் எடுக்கத் தவிக்கும் நீங்கள், தாய் தகப்பன் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நாள் போங்கள். அவர்கள் சம்மதத்தைக் கேட்டே எடுங்கள். அடியில் வேலை, நேரம், கூலி மூன்றையும் எழுதி, பஸ் நிற்குமிடத்திலும் ஆலை வாசலிலும் மாட்டுங்கள். நம் முதுகைப் பிறர் வந்து காட்டும்வரை காத்திருப்பது சுயமரியாதையாகாது.