கலங்கிய தண்ணீரும் ஒரு கிராம் ஆக்ஸிஜனும்

(முன்னாள் மாணவர் சங்கம் குன்னூரில் நடத்திய சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு 'பொறியாளனும் சமுதாயமும்'. அதை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லரையும் டிரையரையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவன் நான். சமுதாயத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆனால் நம் சங்கம் இந்த ஆண்டு கல்லூரி நூலக முகப்பில் 200 லிட்டர் கடல்நீர் மீன் தொட்டி ஒன்று வைக்கத் தீர்மானித்திருக்கிறது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளப் போவது மாணவர்கள். குன்னூரில் சில வருஷமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்துக் காப்பாற்றி வருகிறவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் பேசுகிறேன். குறிப்பாக ஒரே ஒரு விஷயம்: தொட்டித் தண்ணீர் ஒருநாள் காலையில் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும். அன்றைக்கு என்ன செய்வது?

அதற்கு முன்னால் ஒன்று. 'ரீஃப் டேங்க்' என்றதுமே, பவளம் எங்கே வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டார். வாங்கவே கூடாது என்பதுதான் பதில். 2001-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக் கடல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதுவே பவளத்துக்கும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. யாராவது செய்தித்தாளில் சுற்றி ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் நம் தொட்டிக்கு அது வேண்டாம். சிமெண்டிலும் சுட்ட களிமண்ணிலும் பாறை செய்து வைத்தாலே போதும். பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது. கோமாளி மீன்களை இப்போது குஞ்சு பொரிப்பகங்களிலேயே வளர்க்கிறார்கள், அவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் 200 லிட்டர் தொட்டி உண்டு. இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டேம்செல், சில துறவி நண்டுகள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி காற்றில் கற்பூர மரம் மின்கம்பியில் விழுந்தது. இரவு எட்டு மணிக்குப் போன கரண்டு மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வந்தது. மனிதர் கெட்டிக்காரர். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பைத் தொட்டியில் போட்டுவிட்டு விடிய விடியக் காவல் இருந்தார். மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, தண்ணி மோரு மாதிரி இருக்கு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. கடையில ஒரு மருந்துப் பொடி குடுத்திருக்கான், போட்டுடவா?"

"ஐயா, எதையும் போடாதீங்க. சாப்பாடும் போடாதீங்க. சொம்பால மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க. நான் வர்றேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன.

நடந்தது என்னவென்றால், தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் மூடிய டப்பா போல ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தது. ஏர் பம்பின் காற்று தொட்டிக்குப் போனது, டப்பாவுக்குள் போகவில்லை. 14 மணி நேரம் தண்ணீர் ஓடாமல் அடைந்து கிடந்ததில் உள்ளே இருந்த பாக்டீரியாக்கள் முதலில் இருக்கிற ஆக்ஸிஜனைத் தீர்த்தன. பிறகு அவற்றில் பெரும்பகுதி செத்து அழுகின. கரண்டு வந்ததும் பம்ப் தானாக ஓடி, அந்த அழுகல் சாறு முழுவதையும் தொட்டிக்குள் தள்ளியது. தண்ணீரில் மிதக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கு அது கல்யாண விருந்து. ஒரே நாளில் கோடிகோடியாகப் பெருகிவிட்டன. நாம் பார்க்கிற வெள்ளை அந்தக் கூட்டம்தான். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஸ்பாஞ்சில் வடிகட்டினால் நிற்காது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாக்டீரியா என்றாலே எதிரி என்ற எண்ணம் வருவது இயல்பு. சிம்ஸ் பார்க் அருகில் 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. நாய்க்கடி ஊசி அங்கேதான் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். (நாய்க்கடிக்குக் காரணம் வைரஸ், பாக்டீரியா இல்லை என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். சரிதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றும் பாக்டீரியாதான், அவற்றுக்கும் அங்கே தடுப்பூசி தயாரித்திருக்கிறார்கள்.) ஆனால் மீன் தொட்டியில் இரண்டு ஜாதிப் பாக்டீரியா உண்டு. ஒன்று, பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது. இது நிதானப் பேர்வழி, இரண்டு மடங்காகப் பெருக அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மற்றது, கரைந்த அழுக்கைத் தின்று தண்ணீரில் மிதப்பது. தீனி கிடைத்தால் மணிக்கணக்கில் அல்ல, சில சமயம் நிமிஷக் கணக்கில் பெருகும். கடைக்காரர் கொடுத்த பொடி ஆன்டிபயாடிக். அதைப் போட்டிருந்தால் இரண்டு ஜாதியும் சேர்ந்து செத்திருக்கும். செத்தது மறுபடி தீனியாகும். அம்மோனியாவைக் கவனிக்க ஆளும் இருக்காது.

இங்கேதான் நம் பொறியியல் கொஞ்சம் உதவும். வெள்ளையாக இருப்பதால் மீன் சாவதில்லை. மூச்சு முட்டித்தான் சாகிறது. எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

26 டிகிரியில், கடல் மட்டத்தில், நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரானால் அது 6.6-க்கு இறங்கிவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிப்பதும், குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். அதே காரணத்தால் நம் தொட்டியில் ஆக்ஸிஜன் 5.3 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. எவ்வளவு பெரிய ஏர் பம்ப் வைத்தாலும் உச்சவரம்பு அதுதான். 200 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் ஒரு கிராம், கொஞ்சம் கூட.

ஒரு கிராம்! அடுத்த கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் குளுக்கோஸ் முழுவதும் எரிய 1.07 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். பதினோராம் வகுப்பு வேதியியல்தான், வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா தின்றதையெல்லாம் எரிப்பதில்லை, பாதியைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு அழுக்கு தொட்டி முழுவதன் மூச்சையும் குடித்துவிடும். கூடுதலாகப் போட்ட ஒரு பிடி தீனியும் பாறைக்குப் பின்னால் செத்துக்கிடக்கும் ஒரு நத்தையும் அந்த அளவைத் தாராளமாகத் தொடும். அதனால்தான் சொம்பு. மேற்பரப்பைக் கலக்கிவிட்டால் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருக்கும், கையிருப்பு ஒரு கிராம்தான் என்றாலும் வரவு நிற்காது.

கல்லூரி சமவெளியில் இருக்கிறது, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் தொட்டி 31 டிகிரி தொட்டால் அங்கேயும் லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான். சூட்டில் மீனும் அதிகமாக மூச்சு வாங்கும்.

இதே கணக்கு கடலிலும் ஒருமுறை பொய்க்காமல் நடந்தது. 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். விஞ்ஞானப் பெயர் நாக்டிலூகா. அது பாக்டீரியா இல்லை, ராத்திரியில் நீலமாக மின்னுகிற ஒற்றைச் செல் உயிர். சிங்கில் தீவு, குருசடைத் தீவு, பூமரிச்சான் தீவு ஆகியவற்றின் பக்கம் அது மண்டி அழுகியபோது ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியதாகத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். மீன்கள் கரை ஒதுங்கின. நகர்ந்து போக முடியாத பவளங்களும் இறந்தன, அதிலும் வேகமாக வளரும் மான்கொம்புப் பவள வகைகள்தான் அதிகம் அடிபட்டன. அலையும் நீரோட்டமும் உள்ள மன்னார் வளைகுடாவுக்கே அந்த கதி என்றால், கண்ணாடிப் பெட்டிக்குக் கேட்கவேண்டியதில்லை.

டீமேக்கர் வீட்டுக்குத் திரும்புவோம். கேனிஸ்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் திறந்தோம். முட்டை அழுகிய நாற்றம். உள்ளே இருந்ததையெல்லாம் தனியே எடுத்து வைத்த உப்புத் தண்ணீரில் அலசினோம். குழாய்த் தண்ணீர் உதவாது, அதில் இருக்கும் குளோரின் மிச்சப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். புரோட்டீன் ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டோம். அது அழுக்கை நுரையாக வெளியே தள்ளும், கூடவே காற்றையும் கலக்கும், இந்த நோய்க்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. 40 லிட்டர் மட்டும் மாற்றினோம். மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடலாமே என்றார் ஐயா. உப்பும் சூடும் ஒரேயடியாக மாறினால் களைத்துப்போன மீன் தாங்காது. மூன்று நாள் பட்டினி போட்டோம். முதல் நாளே டேம்செல் போய்விட்டது. நாலாம் நாள் காலை தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. யு.வி. விளக்கு இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெளிந்திருக்கும். ஆனால் அழுகலை எடுக்காமல் விளக்கை மட்டும் போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற வேலை.

எல்லா வெள்ளையும் பாக்டீரியா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கால்சியமும் காரத்தூளும் அடுத்தடுத்து ஊற்றினால் சுண்ணாம்பு படிந்தும் வெளுக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கலங்கல் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் வினிகர் விடுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. அது ஆக்ஸிஜனைத் தின்னாது, பொறுத்திருந்தால் தானே அடங்கும். தெளியாவிட்டால் லேபில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள், நெளிந்துகொண்டிருக்கும். டம்ளரில் பார்த்த வினிகரைத் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். அது பாக்டீரியாவுக்கு முதல்தரத் தீனி. நைட்ரேட்டைக் குறைக்க வேண்டுமென்றே சொட்டுக் கணக்கில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அளவு தப்பினால் மறுநாள் பால்தான்.

கோழிக்கோட்டுக்குப் போகிற நண்பர்கள் அன்போடு கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருவதும் உண்டு. மூடிய கேனில் மலையேறி வருவதற்குள் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து, திறக்கும்போதே வாடை வரும். நான் செயற்கைக் கடலுப்புதான் கலக்குகிறேன், லிட்டருக்கு 35 கிராம். சமையல் உப்பு போதாது.

கரண்டு போகும் விஷயம். இன்வெர்ட்டரில் பம்பை மட்டும் இணையுங்கள், ஹீட்டர் வேண்டாம், அது பேட்டரியைக் குடித்துவிடும். குன்னூர்க் குளிரில் நான் தொட்டியின் நாலு பக்கமும் கம்பளி சுற்றி மேலே திறந்து விடுவேன். மெதுவாகச் சில டிகிரி குளிர்வதை மீன் சில மணி நேரம் தாங்கும். மூச்சுத்திணறலைத் தாங்காது. கேனிஸ்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், பிளக்கை முதலிலேயே பிடுங்கி வையுங்கள். கழுவிய பிறகுதான் ஓடவேண்டும்.

நூலகத் தொட்டியில் முதல் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ மீன் இருக்காது. உப்புத் தண்ணீரும் பாறையும் துளி அம்மோனியாவும் மட்டும்தான். இடையில் ஒருமுறை தண்ணீர் வெளுக்கும், பயப்பட வேண்டாம், தானே தெளியும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டு கோமாளி மீனோடு தொடங்கலாம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், அன்றைக்கு மீன் நீந்த வேண்டும் என்று செயலாளர் ஆசைப்படுகிறார். தேதியைத் தள்ளிவைக்கும்படி இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தீனி போடும் பொறுப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு மட்டும் என்று பெயர்ப்பட்டியல் போட்டு ஒட்டுங்கள். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் என்ன ஆகும் என்ற கணக்கைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். ஒரு எவர்சில்வர் சொம்பும் தொட்டி பக்கத்திலேயே இருக்கட்டும், அது என் நன்கொடை.