"நான் அனுப்பவில்லை" என்று சொல்ல முடியுமா?

வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டவர், "இது என் கையெழுத்து இல்லை" என்றால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மின்னஞ்சல் அனுப்பியவர், "நான் அனுப்பவில்லை" என்றால்? அப்படிச் சொல்வது மறுத்தல். அதற்கு இடமில்லாதபடி சான்று இருப்பது மறுக்கவியலாமை.

இதற்கு உதவுவது டிஜிட்டல் கையொப்பம். ஒப்பமிடும் இரகசியத் திறவுகோல் நம்மிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் எவருக்கும் கிடைக்கும். ஒப்பமிட்டபின் ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதை ஏற்கிறது. இரகசியத் திறவுகோலைக் காக்கும் பொறுப்பை அதன் 42ஆம் பிரிவு உரியவரிடமே ஒப்படைக்கிறது.

நாம் அன்றாடம் பயன்படுத்துவது கடவுச்சொல். அது இருவருக்குத் தெரிந்தால், செய்தது யார் என்று நிறுவ முடியாது. ஒருமுறை விடுப்பில் சென்றபோது என் கடவுச்சொல்லை உடன் பணியாற்றியவரிடம் கொடுத்தேன். ஒரு மாணவியின் பிறந்த தேதி தவறாகப் பதிவானது. கணினியில் இருந்தது என் பெயர். "நான் பதியவில்லை" என்றேன், காட்டச் சான்றில்லை. அவர்தான் பதிந்தார் என்பதற்கும் சான்றில்லை. திருத்தம் கேட்டு அலைந்தவர் அந்தப் பிள்ளையின் தாய்.

கடவுச்சொல்லும் ஓடிபியும் நம் கையெழுத்துப் போன்றவை. யாருக்கும் கொடுக்க வேண்டாம்.