காவலுக்குக் கூலி கைதி கொடுப்பதா?



வீட்டுக்காவலில் வைத்த மனிதரிடமே காவலுக்குக் கூலி கேட்டார்கள். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். எழுத்தாளர் கௌதம் நவ்லகாவுக்கு அப்போது எழுபது வயது. பீமா கோரேகான் வன்முறை வழக்கில் அவர் மீது குற்றச்சாட்டு; அதில் இன்னும் தீர்ப்பு இல்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரைத் தலோஜா சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றியது. வாசலில் போலீஸ், சுவரில் கேமரா. கேமரா செலவும் அவர் தலையில்! கடைசியில் தேசியப் புலனாய்வு முகமை நீட்டிய பில் 1 கோடியே 64 லட்சம் ரூபாய். 2024 மே மாதம் ஜாமீன் கொடுத்தபோதும் 20 லட்சம் கட்டச் சொன்னார்கள்.

"வீட்டுக்காவல் கேட்டது நீதானே, கொடு" என்கிறார்கள். அப்படியானால் நாளைக்குச் சிறையில் அறை வாடகை கேட்பீர்களா? பிடித்துப் போகிற ஜீப்புக்குப் பெட்ரோல் போடச் சொல்வீர்களா? அங்கே யாரோ சிரிக்கிறீர்கள், உங்கள் ஊரில் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

காசிருந்தால் வீடு, காசில்லையென்றால் சிறை. இதுதானய்யா இங்கே நடக்கிறது! 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல்! குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள்.

1978-இல் மோத்திராம் என்ற கொத்தனாரை விடுவிக்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி முன்வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்தெழுந்து, ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். கொத்தனாரிடம் பத்தாயிரம்! அன்றைக்கும் காசு, இன்றைக்கும் காசு!

"வெளியே விட்டால் ஓடிவிடுவான்" என்கிறார்கள். 2016-இல் லண்டனுக்கு விமானம் ஏறிய தொழிலதிபர் விஜய் மல்லையா எந்தக் குடிசையிலிருந்து ஓடினார்?

நம் திருச்சிப் பக்கத்து விரகாலூரில் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி பாதிரியார். ஆதிவாசிகளுக்காக ஜார்க்கண்டில் உழைத்தவர். அதே பீமா கோரேகான் வழக்கில், 83 வயதில், கை நடுங்கும் பார்க்கின்சன் நோயோடு 2020 அக்டோபரில் பிடித்துப் போனார்கள். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்லவே இருபது நாள் அவகாசம் கேட்டார்கள். ஒரு குழலுக்கு இருபது நாள்! ராஞ்சியில் தன் மக்களோடு இருக்க விடுங்கள் என்று மன்றாடினார். அங்கே அவரது அறையில் காவல் வைத்தால் இந்த நாடு கவிழ்ந்தா போயிருக்கும்? 2021 ஜூலை 5, ஜாமீனுக்குக் காத்திருந்தபடியே செத்துப்போனார். அந்த மனிதரை வீட்டில் வைக்க மனம் வராதவர்களுக்கு, வீட்டில் வைத்தவரிடம் கோடிக் கணக்கில் பில் போட மட்டும் மனம் வருகிறது!

புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சிறை இல்லை. வரவேற்கிறேன். ஆனால் தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவனை உள்ளேயே போட்டுவைத்தால் அந்தச் சட்டம் எதற்கு?

அரசே கேள்! காவல் உன் வேலை, செலவும் உன்னுடையது. மக்களே, உங்கள் ஊர்ப் பிள்ளை எவனாவது முதல் வழக்கில் உள்ளே கிடந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479-ஆம் பிரிவைக் கையில் எடுங்கள். ஆயுள், தூக்கு வழக்காக இல்லாமல், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை அவன் கழித்திருந்தால், அவனை ஜாமீனில் விடச் சொல்லி நீதிமன்றத்துக்கு எழுதவேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. நாளைக் காலையே போய் எழுதச் சொல்லுங்கள்!