உருட்டும் முன் ஒரு பேச்சு

கொங்கு நாட்டில் தாயக்கட்டை உருட்டாத கைகள் குறைவு. இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது அதில் இரண்டு விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிராளியின் காயை வெட்டினாலும் இன்னொரு உருட்டு உண்டு.

அந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். கட்டையில் விழுந்த எண்ணுக்காக வரும் சலுகை அல்ல அது. களத்தில் உங்கள் காய் நிற்கும் நிலைமைக்காக வருவது. நிலைமை பார்த்து உருட்டு கூடுவது நமக்குப் பழக்கமான சங்கதிதான். அதையே ஒரு கலையாக வளர்த்திருப்பவை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர ஆட்டங்கள்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வந்தால் பகடை உருளும். சரி, இருட்டில் அம்பு விடுவதும் பட்டப்பகலில் விடுவதும் ஒன்றாகிவிடுமா? சூழலைக் கணக்கில் எடுப்பது எப்படி?

பழைய வழி, கூட்டல் கழித்தல். மேட்டில் நின்றால் ஒன்று கூட்டு, இருட்டென்றால் இரண்டு கழி. நியாயமான வழிதான், ஆனால் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கதையின் சூடு ஆறிவிடும். 2014-இல் வந்த அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு இதை எளிமையாக்கியது. சூழல் சாதகமென்றால் 20 முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பாதகமென்றால் சின்ன எண்தான் கிடைக்கும். 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டிய காரியத்தில் சாதாரண வாய்ப்பு 50 சதவீதம். சாதகத்தில் அது 75 ஆகிறது, பாதகத்தில் 25. ஆனால் 20-தான் விழவேண்டும் என்றால், சாதாரணமாக ஐந்து சதவீதமாக இருக்கும் வாய்ப்பு சாதகத்தில் பத்தைக்கூட எட்டுவதில்லை. பாதி நடக்கும் என்கிற காரியத்துக்கு நல்ல சூழல் பெரிய துணை. நடக்கவே நடக்காது என்கிற காரியத்துக்குச் சின்னத் துணை. உலக நடப்பும் ஏறக்குறைய அப்படித்தானே!

இதில் ஒரு குறை உண்டு. பத்துச் சாதகம் சொன்னாலும் ஒன்று சொன்னதற்குச் சமம். எதிரே ஒரே ஒரு பாதகம் வந்தால் அந்தப் பத்தும் போச்சு.

2013-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: எட்ஜ் ஆஃப் தி எம்பயர்’ என்ற கதாபாத்திர ஆட்டம் வேறு வழியில் போனது. சூழலில் உதவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலப் பகடை, இடைஞ்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் பகடை. முகங்களில் எண்கள் இல்லை, குறிகள்தான். வெற்றி தோல்விக்குத் தனிக் குறி. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் நல்லது கெட்டதுக்குத் தனிக் குறி.

கோவை காந்திபுரத்தையே களமாக வைத்துக்கொள்வோம். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிவிட்ட பேருந்தில் ஓடிப்போய் ஏற வேண்டும். மழை பெய்கிறது: ஒரு கறுப்பு. கையில் பெரிய பை: இன்னொரு கறுப்பு. ஆடுபவர் சும்மா இருப்பாரா? “ஏனுங்க, என்ற சிநேகிதன் படியில நிக்கறானுங்க, கை குடுக்க மாட்டானுங்களா?” என்பார். ஒரு நீலம் வந்து சேரும். உருட்டினால், ஏறியாயிற்று, ஆனால் பை ரோட்டில் கிடக்கிறது என்றும் விழலாம். கதைக்கு அடுத்த காட்சி தயார்.

இந்த முறைக்குத் தனிப் பகடைகள் வேண்டும், குறிகளைப் பழக வேண்டும், புதியவர்கள் திணறுவார்கள். ஆனாலும் என் வாக்கு இதற்கே. தாயத்தில் நிலைமைக்காக உருட்டு கூடுவது வெட்டிய பிறகுதான். இங்கே உருட்டுவதற்கு முன்பே, சூழலை உற்றுப் பார்த்து ஒரு வழி சொன்னதற்குக் கூலி கிடைக்கிறது. கறுப்பும் நீலமும் கண்ணெதிரே இருப்பதால், மழையையும் சிநேகிதனையும் மேசையில் யாரும் மறப்பதில்லை.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு லூடோ பெட்டியிலுள்ள பகடையே போதும். நாலுக்கு மேல் விழுந்தால் காரியம் நடந்தது என்று வையுங்கள்; நாலும் சேர்த்தி. ஒரு பகடைக்குப் பாதி வாய்ப்பு. இரண்டை உருட்டிப் பெரியதை எடுத்தால் முக்கால். ஆனால் அந்த இரண்டாவது பகடையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எது உதவுகிறது, எப்படி உதவுகிறது என்று ஆடுபவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிறகு கொடுங்கள்.