‘நீங்கலாக’ என்ற சொல்



ஆய்வுக்காக எந்தத் தொழிலாளர் சட்டத்தை எடுத்தாலும், அது யாருக்கு இல்லை என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அமெரிக்காவில் 1935இல் சங்கம் சேரும் உரிமைக்கும், 1938இல் குறைந்தபட்சக் கூலிக்கும் சட்டங்கள் வந்தன. இரண்டும் விவசாயத் தொழிலாளர் நீங்கலாக. ‘கறுப்பர்’ என்று எழுதத் தேவையே இல்லை. தெற்கு மாநிலங்களில் வயல்வேலையை யார் தலையில் கட்டியிருந்தார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

இன்று அமெரிக்கப் பண்ணைகளில் பயிர்வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் மக்கள். அந்த விதிவிலக்கு இப்போது அவர்கள் தலையில். பண்ணைக்குக் குறைந்தபட்சக் கூலி 1966இல்தான் வந்தது. அதுவும் பெரிய பண்ணைகளுக்கு மட்டும். மிகைநேர ஊதியம் தேசியச் சட்டத்தில் இன்றும் இல்லை. 1965இல் டெலானோவில் பிலிப்பினோ, மெக்சிகத் தொழிலாளர்கள் சேர்ந்து திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் சங்க உரிமைச் சட்டம் வர 1975 ஆனது.

கூலிவேலையை விட்டுக் கடை வைத்தால் தப்பிக்கலாமா? 2020 கொரோனாவில் சிறுதொழில் நிவாரணக் கடன் வங்கிகள் வழியாகப் போனது. ஏற்கெனவே வங்கியில் கடன் வரவு உள்ளவர்கள் முந்தினார்கள். முதல் தவணை இரண்டு வாரத்துக்குள் தீர்ந்தது. வங்கி மதிக்காத சின்னக் கடைக்காரர் வரிசையில் நின்றார். அதே ஆண்டு நிவாரணத் தொகை, சமூகப் பாதுகாப்பு எண் உள்ளவர்களுக்கு மட்டும். அந்த எண் இல்லாமல் வரி கட்டியவர்களுக்கு இல்லை. வரியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் சொல்லாமல் தள்ளிவைப்பது நமக்குப் புதிதல்ல, தோழர்களே. ‘எல்லோருக்கும்’ என்று தொடங்கும் சட்டத்தில் ‘நீங்கலாக’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போராட்டத்தை அங்கிருந்து தொடங்குவோம்.