ஒரு பைசாவுக்கு ஒரு தேசம்

(காட்பாடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் ஆய்வாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். நாள் முழுக்கப் படிவம் பார்ப்பதுதான் என் வேலை. பெயர், தகப்பன் பெயர், மதம், முகவரி. கட்டத்துக்குள்ள என்ன எழுதியிருக்கோ அதுதான் ஆள். கட்டம் தப்பினா திருப்பிக் கொடுத்துடுவோம். அதனால பண்டிதரைப் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய புத்தகம் இல்லை, ஒரு கட்டம்தான்.

1881-ல் வெள்ளைக்காரன் குடிமதிப்பு எடுக்கிறான். சேரி மக்களை எந்தக் கட்டத்தில் போடுவது? இவர்கள் இந்துக்கள் இல்லை, ஆதித் தமிழர் என்று பதிய வேண்டும் எனக் கேட்டவர் அயோத்திதாசர். அப்போ அவருக்கு வயசு 36. அம்பேத்கர் பிறக்க இன்னும் பத்து வருஷம் இருக்கு. பெரியார் ரெண்டு வயசுக் குழந்தை.

1845-ல் சென்னையில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பேர் காத்தவராயன். தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் மேலுள்ள மரியாதையில் அவர் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டார். தொழில் சித்த வைத்தியம். அவருடைய பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தவர். எல்லிஸ் துரையின் கைக்குக் குறள் ஏட்டுச் சுவடி போனது அந்தப் பட்லர் வழியாகத்தான் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். கவனிங்க தோழர்களே, ஏடு இருந்தது சேரி வீட்டில். நமக்கு எழுத்து தெரியாதுன்னு இன்றைக்கும் சொல்கிறவனிடம் இதைச் சொல்லுங்க.

1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி நீலகிரியில் மாநாடு கூட்டுகிறார். பள்ளிக்கூடம், பொதுக்கிணறு, அரசு வேலை என்று பத்துத் தீர்மானங்கள். மறுவருஷம் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் போய், எங்களையும் கோயிலுக்குள் விடுவீர்களா என்று கேட்கிறார். வந்த பதில் என்ன? சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு இல்லை, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் படிப்பும் உழ நிலமும் கொடுங்கள் என்றார் பண்டிதர். இதைப் பின்னால் அவரே பதிவு செய்திருக்கிறார்.

பண்டிதர் வரலாற்று ஆசிரியரானது அந்தப் பதிலுக்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். எந்தச் சாமி யாருக்கு என்று தீர்மானிக்கிற அதிகாரம் இவனுக்கு எங்கேயிருந்து வந்தது? புராணத்திலிருந்து. அப்போ நமக்கு வேறு சரித்திரம் வேண்டும். 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போய், கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்று பௌத்தரானார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம். 1907 ஜூன் 19-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பேர். நாலு பக்கம், புதன்கிழமைதோறும். ஒரு வருஷத்துக்குப் பின் வெறும் ‘தமிழன்’. 1914-ல் சாகும்வரை அதை நடத்தினார்.

இங்கே நம்ம ஊரைச் சொல்லணும். வெளியே கூவுதே ரயில், அது ஜோலார்பேட்டை தாண்டி பங்காருபேட்டை போகும். அங்கேயிருந்து கோலார் தங்கவயல். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஜனங்கள் சுரங்கத்துக்குக் கூலியாகப் போனது இந்தப் பாதையில்தான். பண்டிதரின் சங்கத்துக்குத் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் கிளைகள் இருந்தன. ரங்கூனிலும் இருந்தது. கூலிகள் போன இடமெல்லாம் பத்திரிகையும் போனது. அவர் இறந்த பிறகு ‘தமிழன்’ மறுபடி உயிர் பெற்றதும் தங்கவயலில்தான், 1926-ல், ஜி. அப்பாதுரையார் கையில். பூமிக்கடியில் குடைந்துவிட்டு மேலே வந்தவன் காசு போட்டு அச்சாக்கிய வரலாறு அது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு மானியம் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கங்களில் அவர் என்ன எழுதினார்? ‘இந்திரர் தேச சரித்திரம்’. ஐந்து புலன்களை வென்ற புத்தர்தான் ஐந்திரர், இந்திரர். அவர் தேசம்தான் இந்திய தேசம் என்கிறார். இங்கே சாதி இல்லாத பௌத்தம் இருந்தது. வேஷப் பிராமணர்கள் வந்து கெடுத்தார்கள். அவர்களுடைய வேஷத்தைப் பறைந்தவன், அதாவது வெளியே சொன்னவன், பறையன் என்று இழிவாக்கப்பட்டான் என்கிறார். திட்டுச் சொல்லை எடுத்து உண்மை சொன்னதற்கான சாட்சிப் பத்திரமாக மாற்றிவிட்டார். பண்டிகையையும் விடவில்லை. தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் இல்லை, எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த நாள். கார்த்திகை, ஆமணக்கெண்ணெயைக் கண்டுபிடித்த நாள். கொலையைக் கொண்டாடாதே, கண்டுபிடித்த உழைப்பைக் கொண்டாடு. சரித்திரத்தை ராஜா வீட்டிலிருந்து அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்தவர் அவர்.

இதற்கு ஆதாரம் என்ன என்று மாணவத் தோழர்கள் கேட்பீர்கள். கேட்கணும். அவருடைய சொல்லாராய்ச்சியில் பெரும்பகுதியை இன்றைய மொழியியல் ஒப்புக்கொள்ளாது. பறையர்கள்தான் பழைய பௌத்தர்கள் என்பதும் நிறுவப்பட்ட செய்தி இல்லை. ஆனால் தமிழ் நிலத்தில் பௌத்தம் வாழ்ந்தது பொய்யா? மணிமேகலை இருக்கிறது, வீரசோழியம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940-ல் வந்தது. தீண்டாமைக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவை அம்பேத்கர் எழுதியது 1948-ல். அந்தத் திசையில் முதலில் விரல் நீட்டியவர் ஒரு வைத்தியர். ராமன் பாலம் கட்டினான் என்பதை வரலாறு என்கிறவன் பண்டிதரிடம் மட்டும் கல்வெட்டு கேட்கிறான், இல்லீங்களா?

அடுத்தது தேசம். அவர் பத்திரிகை தொடங்கியபோது சுதேசி அலை. சொந்த நாட்டுக்காரனுக்குக் குளத்துத் தண்ணி தராதவன் வெள்ளைக்காரனிடம் சுயராஜ்யம் கேட்கலாமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். துணியில் சுதேசி பார்த்தவர்களை மனுசனில் பார்க்கச் சொன்னார். அதற்காக வெள்ளைக்காரனை அவர் தேவைக்கு மேலேயே நம்பினார் என்பதையும் சொல்லிவிடணும். அவருடைய வாசகன் வெட்டிய தங்கம் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களிலிருந்து லண்டனுக்குத்தான் போனது. வாசகனுக்கு மிஞ்சியது நுரையீரலில் கல்தூசி.

இப்போது கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் போனால் நான் பேசியதே வீண்.

பண்டிதர், தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்தார். நாம் தாழ்த்தப்பட்டவர்கள், பௌத்தராக இருந்து வீழ்த்தப்பட்டவர்கள். தோட்டிகளும் அருந்ததியரும் குறவரும் தாழ்ந்தவர்கள். நம்மை அவர்களோடு சேர்க்காதே என்று வாதாடினார். சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதிய அதே கை! அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது இன்னும் முடியலை. எங்க ஊர்ல, எங்க சேரிக் குழாயடியில், அருந்ததியர் வீட்டுப் பெண் குடம் வைத்து எடுத்த இடத்தை எங்க ஆயா தண்ணி ஊத்திக் கழுவியதை நான் பார்த்திருக்கேன். எங்க ஆயாவுக்கு ஊர்க்கிணற்றில் ஒரு சொட்டு கிடையாது. கழுவியது மட்டும் ஊர்க்காரன் மாதிரி. அருந்ததியருக்கு 2009-ல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்சநீதிமன்றம் சொன்னபோதும் முகம் சுளித்த நம்மாளுங்களை நான் பார்க்கலையா?

நாம் இருப்பது தோல் பூமி. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை. சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவனில் பறையன் யார், அருந்ததியன் யார்? தேசத்துக்கு அந்நியச் செலாவணி, நமக்கு நாறிய பாலாறு. 1996-ல் உச்சநீதிமன்றமே, செலாவணி வருகிறது என்பதற்காக மண்ணையும் தண்ணீரையும் அழிக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்து தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நமக்குக் கீழே இப்போது அவர்கள். அவர்களுடைய பேர் நம்ம சரித்திரத்தில் எந்தக் கட்டத்தில் வரும்?

பண்டிதரை நான் தெய்வமாக்கச் சொல்லவில்லை. அவர் எழுத்துகள் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டையிலிருந்து வந்தன. 2005-ல் தபால் தலையும் வந்தாச்சு. தலையில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவது சுலபம். படிப்பதுதான் கஷ்டம். படிங்க. அடுத்தவன் எழுதிய கட்டத்துக்குள் உட்கார மாட்டேன் என்று அவர் சொன்னாரே, அதை எடுத்துக்குவோம். தனக்குக் கீழே ஒரு கட்டம் போட்டாரே, அதை நாம்தான் அழிக்கணும். அவர் பேரால் அழிக்கணும். அவர் தொடங்கிய சரித்திரத்தில் அவர் எழுதாமல் விட்ட அத்தியாயம் அது.

ஒரு பைசாவுக்கு அவர் ஒரு தேசத்தையே எழுதினார். சாதி இல்லாத தேசம். அதில் குழாயடி கழுவுகிறவர்களுக்கு இடமில்லை, நம்ம ஆயாவாகவே இருந்தாலும்.

ஜெய்பீம்.