சில்லுக்கருப்பட்டி எங்கே போயிற்று?



நாகர்கோவில் கடைத்தெருவில் இன்று அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அறுபது அகவை கடந்த முதியவர் பேரனைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். பேரன் கண்ணாடிப் புட்டியைக் காட்டிக் ‘கேண்டி’ வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுத்த முதியவர், கடைக்காரரிடம் மெல்லிய குரலில் “சில்லுக்கருப்பட்டி உண்டா?” என்று கேட்கிறார். கடைக்காரர் சிரிக்கிறார், அல்லது எங்கோ ஒரு மூலையிலிருந்து எடுத்துத் தருகிறார். முதியவர் ஒரு துண்டை வாயிலிட்டுச் சற்று நேரம் நிற்கிறார். “அந்தச் சுவை இல்லை” என்கிறார், நடையைக் கட்டுகிறார்.

அந்தச் சுவை எங்கே போயிற்று? முதியவரின் நாக்கு மரத்துப் போயிற்றா? கருப்பட்டி மாறிப் போயிற்றா? அன்றிக் கருப்பட்டியைத் தந்த உலகமே மறைந்து போயிற்றா? இன்றைய பொழிவின் பொருள் இதுவே.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். சுவை போகுமுன் சொல் போகிறது. சொல் போனபின் சுவையைத் தேடுவாரும் இலர்.

மிட்டாய் என்பது வடநாட்டினின்று வந்த சொல். சீனி என்பது சீன நாட்டின் பெயரைத் தாங்கி நிற்பது. நம் பாட்டிமார் வெண்சருக்கரையை ‘அசுக்கா’ என்றனர். அது ஒடிசாவில் ஆலை அமைந்த ஓர் ஊரின் பெயர். சாக்கலேட்டு என்பதோ அமெரிக்கத் தொல்குடியினர் மொழியிற் பிறந்து, இசுப்பானியர் வாய்வழியே உலகெங்கும் பரவியது. இவையெல்லாம் வந்த சொற்கள். ஆனால், பேரன் கேட்கும் ‘கேண்டி’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தார் அதனைப் பிரெஞ்சுக்காரரிடம் பெற்றனர். அவர்களுக்கு அது அரபியரின் ‘கந்தி’. அரபியருக்குப் பாரசீகரின் ‘கந்து’. அதற்கும் அப்பால் செல்லுங்கால், வடமொழிக் ‘கண்டம்’ மூலம் என்பாரும் உளர்; கட்டியாதலைக் குறிக்கும் திராவிட வேரே மூலம் என்று, கற்கண்டின் ‘கண்டு’ என்னும் சொல்லைச் சான்று காட்டுவாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும் ஆகுக. கண்டு என்னும் சொல் தன் வீட்டு அடுக்களையிலேயே இருப்பதை அறியாத பிள்ளை, அதன் உறவினனைக் கண்ணாடிப் புட்டிக்குள் காண்கிறான். இரங்கத்தக்கது இது.

இனிப் பொருளைப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த கல்குளம், விளவங்கோட்டுப் பகுதிகளிலும் அறுபது எழுபது ஆண்டுகட்கு முன் சிறுவர்க்குக் கிடைத்த இனிப்புகளில் பெரும்பாலானவை பனையின் கொடையே. தை, மாசியில் பாளை விடும் பனை, ஆனி, ஆடி வரை பதநீர் சுரக்கும். அதனைக் குமரி மாவட்டத்தார் ‘அக்கானி’ என்பர். விடியலில் இறக்கிய அக்கானியை ஓலைப்பட்டையில் ஊற்றிக் குடித்த பிள்ளைக்கு அதுவே முதல் இனிப்பு. அது காய்ந்து குறுகிப் பாகாகும் நிலையில் ‘கூப்பனி’. கூப்பனி மேலும் இறுகிச் சிரட்டையில் ஊற்றப்பட்டு ஆறினால் கருப்பட்டி. கருப்புக்கட்டி என்பதே கருப்பட்டி என மருவிற்று என்பர் அறிஞர். அதே பாகிற் சுக்கும் மிளகும் ஏலமும் தூவிச் சிறுசிறு அச்சுகளில் வார்த்தால் சில்லுக்கருப்பட்டி. பாகை நூல் கட்டிய கலத்தில் ஊற்றி, நாற்பது நாள்களுக்கு மேல் அசையாது வைத்தாற் பனங்கற்கண்டு. ஒரு மரத்தின் நீர் ஐந்து நிலைகளில் ஐந்து பெயர் பெற்று நின்றது.

அக்கானி காயும் விடிலியைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமிட்டுக் காத்திருந்தனர். அகன்ற சட்டியிற் பாகு கொப்புளித்துப் பொங்கும். தாய் அதனைத் துடுப்பாற் கிளறுவாள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கரையாது உருண்டு நின்றாற் பதம் அறிவாள். நாழிகை காட்டும் கருவியும் வெப்பம் அளக்கும் கருவியும் அவளுக்கு இல்லை. கண்ணும் விரலுமே கருவிகள். “ஆறட்டும் மக்களே, நாக்கு வெந்துபோகும்” என்று சொல்லிக்கொண்டே, சட்டியில் ஒட்டியதைச் சிரட்டைத் துண்டால் வழித்துக் கொடுப்பாள். அந்த வழித்த பாகின் கருகல் மணமே முதியவரின் நாக்கில் இன்றும் நிற்பது. அதற்கு உறையும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை.

வீட்டுப் பலகாரங்களிலும் அக்கருப்பட்டியே ஆட்சி செய்தது. நாஞ்சில் நாட்டுத் திருமணச் சீரில் முந்திரிக்கொத்துக்குத் தனி இடம் உண்டு. பெயரைக் கேட்ட வெளியூரார் அதில் முந்திரிப்பருப்பைத் தேடுவர். அஃது அதில் இல்லை. வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவில் தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகிற் பிசைந்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவிலே தோய்த்து, மும்மூன்றாக ஒட்டவைத்துப் பொரிப்பர். கொடிமுந்திரிக் குலைபோல் தோன்றுவதால் முந்திரிக்கொத்து. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரத்தின் பருப்பைக் குமரி மாவட்டத்தார் ‘அண்டிப்பருப்பு’ என வேறாகவே வழங்கினர். சொற்களைக் கலக்காத மக்கள் அவர்கள்! கார்த்திகையில் இளம் பனையோலையைப் பிளந்து அதனுள் மாவை வைத்துக் கட்டி அவித்த ஓலைக்கொழுக்கட்டை; ஆடிச் செவ்வாயில் ஔவையாரம்மனுக்குப் படைத்த கொழுக்கட்டை. தமிழ் பாடிய மூதாட்டியின் பெயரால் கோயில் எடுத்துக் கொழுக்கட்டை படைத்த நிலம் அது!

மண்டைக்காட்டுக் கொடையாயினும், கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவாயினும், தக்கலைப் பீரப்பா ஆண்டு விழாவாயினும், சிறுவரின் காலடிகள் இனிப்புக் கடைகளை நோக்கியே சென்றன. சமயம் எதுவாயினும் சுவை ஒன்றாகவே இருந்தது.

அவையீர்! இதுவரை சொன்னவை இனிப்பின் இனிமை. இனிச் சொல்லவேண்டியது அதன் கசப்பு. அதனை மறைத்துவிட்டு ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று பாடுவது பொய்யாகும்.

ஒரு கட்டிக் கருப்பட்டிக்குப் பின்னால் ஓர் ஆளின் உயிர் தொங்கியது. பனையேறுவான் தளைநாரைக் காலிற் பூட்டி, அரிவாளும் கடிப்பும் செருகிய பெட்டியை இடுப்பிற் கட்டி, ஒரே மரத்தில் நாளொன்றுக்கு இருமுறையேனும் ஏறி இறங்கினான். பாளையைக் கடிப்பால் நெருக்கி, நுனி சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினான். சுண்ணாம்பு இல்லையேல் பதநீர் புளித்துக் கள்ளாகும். இவ்வாறு இறக்கிய பதநீரில் 8 அல்லது 10 இலிட்டரைக் காய்ச்சினால்தான் ஏறத்தாழ ஒரு கிலோக் கருப்பட்டி கிடைக்கும். மார்பு தேய்ந்து காய்த்துப் போயிருக்கும். கை நழுவினால் வாழ்வே நழுவும்.

அவனுக்கு நாடு என்ன செய்தது? திருவிதாங்கூர் ஆட்சியில், அவன் ஏறும் ஏணிக்கு ‘ஏணிக்காணம்’ என்றும், காலிற் கட்டும் தளைக்குத் ‘தளைக்காணம்’ என்றும் வரி தண்டினர். அவன் மனைவியும் மகளும் தோளை மூடிச் சேலை அணியவும் தடை இருந்தது. 1822 முதல் அடுத்தடுத்து எழுந்த தோள்சீலைக் கலகங்களின் பின்னரே, 1859-இல் மன்னர் உத்திரம் திருநாள் ஆணையிட்டார். அதுவும் முழு உரிமை தந்த ஆணை அன்று. ஊரார் நாவை இனிக்க வைத்தவள், தன் தோளை மூடப் போராட வேண்டியிருந்தது! 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆயின. எல்லை மாறிற்று, ஆயினும் பனையேறியின் தோளை அழுத்திய சுமை ஒரே நாளில் இறங்கிவிடவில்லை.

ஆகவே, பனையேறியின் மகன் பள்ளிக்குச் சென்றான், படித்தான், மரத்தை விட்டு இறங்கினான். அஃது அவன் செய்த பிழை அன்று. அவன் பெற்ற விடுதலை. அவனை நோக்கி ‘மீண்டும் ஏறு, எமக்குப் பழைய சுவை வேண்டும்’ என்று சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. உழைப்புக்கு மதிப்பும் ஊதியமும் உயர்ந்திருந்தால் தொழில் நின்றிருக்கும். அவை உயரவில்லை, தொழில் தளர்ந்தது. ஏற ஆளில்லாத பனை பயனற்ற மரமாகத் தோன்றிற்று, செங்கற்சூளைக்கு விறகாயிற்று. பனை நின்ற இடங்களில் இரப்பரும் தென்னையும் வீட்டுமனையும் வந்தன. கருப்பட்டி அருகியபோது, வெண்சீனியைக் கலந்து காய்ச்சிக் ‘கருப்பட்டி’ எனப் பெயரிட்டு விற்கும் வஞ்சகம் பெருகிற்று. முதியவர் “அந்தச் சுவை இல்லை” என்றது இதனாலேயே. அவர் நாக்கு பொய் சொல்லவில்லை.

பனையோடு சொற்களும் சாய்கின்றன. கடிப்பு, தளைநார், கூப்பனி, விடிலி என்னும் சொற்களைக் குமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பொருள் சொல்வர்? அகரமுதலியிற் சேர்த்துவிட்டாற் சொல் பிழைத்துவிடும் என்று புலவர் கருதலாம். கைவினை வாழ்ந்தாற்றான் கைவினைச் சொல் வாழும். தூய தமிழ்ச் சொற்களை ஆக்குவோரும் காப்போரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புலவர் மேடையில் ஆக்கும் நூறு சொற்களுக்கு நிகராக, விடிலியில் ஒரு தாய் வழங்கிய பத்துச் சொற்கள் நிற்கும்.

செய்யத்தக்கது என்ன? அரசு 1978-இலேயே பனையைத் தமிழ்நாட்டின் மரமாக அறிவித்தது. 2021-ஆம் ஆண்டின் வேளாண் வரவு செலவுத் திட்டத்தில் 76 இலக்கம் பனைவிதைகள் வழங்கவும், ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டாதிருக்கவும் வழி சொல்லப்பட்டது. உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் விதையும் ஆணையும் மட்டும் கருப்பட்டியைக் காய்ச்சிவிடா.

கலப்பற்ற கருப்பட்டிக்கு அதன் உழைப்புக்கேற்ற விலை கொடுங்கள். ‘சீனியை விட ஏன் இத்துணை விலை?’ என்று பேரம் பேசாதீர்கள். மரத்தடியில் கலயத்தோடு நிற்பவரை ‘அவன்’ என்னாது ‘அவர்’ என்று அழையுங்கள். ஏறுவோர்க்கு ஏற்ற கருவியும், விழுந்தார்க்குக் காப்பீடும், முதிர்ந்தார்க்கு ஓய்வூதியமும் வேண்டுமெனக் குரல் கொடுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாளில் ஒரு புட்டிக் கேண்டிக்குப் பகரம் ஒரு பெட்டிச் சில்லுக்கருப்பட்டி பங்கிடுங்கள். பங்கிடும்போது அதன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. பனங்கொட்டையை ஊன்றினால், அது பாளை விட 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். கடைத்தெருவிற் கண்ட முதியவர் இன்று ஊன்றும் கொட்டையின் பதநீரை அவர் பருகுவது அரிது. அவர் பேரன் பருகுவான். அவர் வாயிற் சுவைத்த கருப்பட்டியும் அவர் நட்ட மரத்தினது அன்று. அவர் பாட்டனார் விட்டுச் சென்ற மரத்தினது. போன சுவையை நினைந்து பெருமூச்சு விடுவதினும், வரும் சுவைக்கு ஒரு குழி தோண்டுவது மேல். பேரனின் கையில் ஒரு பனங்கொட்டையைக் கொடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க பனை! உயர்க அதனை ஏறும் கைகள்!